பேராசையும் அமெரிக்கக் கனவும்: அமெரிக்க நாவல்களைப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

கல்லூரியில் அமெரிக்க இலக்கியத் தாள் இருப்பதாலோ, சொந்த ஆர்வத்தாலோ இந்த நாவல்களைக் கையில் எடுப்பவர்கள் முதலில் சந்திப்பது ஒரே ஒரு வாக்கியத்தைத்தான்: "அமெரிக்கக் கனவின் வீழ்ச்சியை இந்நூல் சித்திரிக்கிறது." அமெரிக்காவில் உழைப்பவர் யாரும் உயரலாம் என்ற நம்பிக்கைதான் அந்தக் கனவு. நோட்ஸ் புத்தகத்தில் இந்த வாக்கியம் இருக்கும், இணையச் சுருக்கங்களில் இருக்கும், விடைத்தாளிலும் இருக்கும். எந்தக் கனவு, எத்தனை டாலர், யாருடைய பையிலிருந்து யாருடைய பைக்குப் போனது என்று கேட்டால் பதில் இருக்காது. எந்த நூலில் தொடங்குவது, எந்தப் பதிப்பை நம்புவது, எவ்வளவு நாள் ஒதுக்குவது என்று எனக்குச் சொல்லவும் ஆள் கிடைக்கவில்லை. தட்டுத்தடுமாறித்தான் கற்றுக்கொண்டேன். அந்தத் தடுமாற்றம் உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். பேராசையைக் குணமாகப் பார்க்காமல் கணக்காகப் பாருங்கள். இந்த எழுத்தாளர்கள் தொகையைச் சொல்லாமல் விடுவதில்லை. வாடகை, வாரக்கூலி, கடன், லாட்டரிப் பரிசு, இன்சூரன்ஸ் என எல்லாம் எண்ணாகவே இருக்கிறது. அந்த எண்களின் பின்னால் போனால் கதை பிடிபடும்.

1. பிரதிகளைத் திரட்டுங்கள்

தொடங்குவதற்கு ஏழு நூல்கள் போதும். அவற்றில் நான்குக்குச் செலவே இல்லை: மார்க் ட்வைனின் 'தி 30,000 டாலர் பிக்வெஸ்ட்' என்ற நீண்ட சிறுகதை (1904), ஃபிராங்க் நாரிஸின் 'மக்டீக்' (1899), தியோடர் டிரைசரின் 'சிஸ்டர் கேரி' (1900), ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' (1925). நான்கும் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கின்றன. கேட்ஸ்பியின் பதிப்புரிமை அமெரிக்காவில் 2021-இன் தொடக்கத்தில் முடிந்தது. இந்தியச் சட்டத்தில் எழுத்தாளர் இறந்து 60 ஆண்டுகள் என்பது கணக்கு. ஃபிட்ஸ்ஜெரால்ட் 1940-இல் இறந்தவர் என்பதால் இங்கே அது முன்பே முடிந்துவிட்டது. வாசித்துக் கேட்கவேண்டும் என்றால் லிப்ரிவாக்ஸ் தளத்தில் ஒலிவடிவமும் இலவசம்.

மீதி மூன்றையும் விலைக்கு வாங்குங்கள் அல்லது நூலகத்தில் எடுங்கள்: ஜான் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' (1939), ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' (1949), லொரேன் ஹான்ஸ்பெரியின் 'எ ரெய்சின் இன் தி சன்' (1959). இந்த மூன்றும் அமெரிக்காவில் இன்னும் பதிப்புரிமையில் இருப்பவை. கைமாறிக் கைமாறி வரும் பிடிஎஃப் கோப்புகளை நம்பாதீர்கள். மில்லரின் நாடகத்தில் நிகழ்காலக் காட்சியில் பாத்திரங்கள் கதவு வழியாகத்தான் வீட்டுக்குள் வருவார்கள். கடந்தகாலக் காட்சியில் சுவர் இருக்கவேண்டிய இடத்தை ஊடுருவி நடப்பார்கள். மேடைக் குறிப்புகளை வெட்டிய பிரதியில் இது தெரியாது. எது நினைவு, எது இன்று என்றே புரியாமல் திணறுவீர்கள்.

மலிவுப் பதிப்பு வாங்கும்போது கடையிலேயே அத்தியாயங்களை எண்ணிப் பாருங்கள். கேட்ஸ்பிக்கு 9, மக்டீக்குக்கு 22, சிஸ்டர் கேரிக்கு 47, கிரேப்ஸ் ஆஃப் ராத்துக்கு 30. குறைந்தால் அது சுருக்கப் பதிப்பு. சிஸ்டர் கேரிக்கு மட்டும் இன்னொரு சிக்கல் உண்டு. 1900-இல் வெளியானது வெட்டப்பட்ட வடிவம். வெட்டியவற்றைச் சேர்த்து 1981-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பதிப்பகம் வேறொரு வடிவத்தை வெளியிட்டது. முடிவுகூட மாறும். வகுப்பில் மற்றவர்கள் எதை வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

2. காலத்தை ஒதுக்குங்கள்

கேட்ஸ்பி ஏறத்தாழ 50,000 சொற்கள். ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 100 சொல் படிப்பவருக்கு எட்டரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நாளுக்கு ஓர் அத்தியாயம், இடையில் ஓய்வு என்று இரண்டு வாரம் வைத்துக்கொள்ளுங்கள். ட்வைனின் கதைக்கு ஒரு மாலைப்பொழுது. நாடகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வார இறுதி. மக்டீக்குக்கு மூன்று வாரம். ஸ்டைன்பெக்குக்கு ஒன்றரை மாதம் தாராளமாக வேண்டும், அதைக் கடைசியில் வையுங்கள். நூலகத்தில் எடுத்தால் தவணைத் தேதிக்குள் முடியாது. எத்தனை முறை புதுப்பிக்கலாம் என்று எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். சிஸ்டர் கேரியை முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் முதல் பத்து அத்தியாயங்களையாவது படியுங்கள். பேராசையைப் பற்றிய நம் அவசரத் தீர்ப்புகளைத் திருத்துவதற்கு அந்தப் பத்தே போதும்.

3. கணக்கு நோட்டு போடுங்கள்

ஒரு சாதாரண நோட்டு. பக்கத்தில் நெடுக்காகக் கோடு போட்டு நான்கு பத்திகள். முதலாவதில் தொகை, அத்தியாய எண்ணோடு. இரண்டாவதில் யாரிடமிருந்து யாருக்கு. மூன்றாவதில் அந்தப் பணம் எங்கிருந்து வந்தது. நான்காவதில் அதனால் யார் இழந்தார்கள். முதல் இரண்டு பத்திகள் உடனே நிரம்பிவிடும். மூன்றும் நான்கும் பல பக்கங்கள் காலியாகவே கிடக்கும். ஐம்பது பக்கம் தாண்டித் திரும்பி வந்து நிரப்பும்போதுதான் ஆசிரியர் எதை ஒளித்துவைத்தார் என்று பிடிபடும்.

டாலரை இன்றைய ரூபாய்க்கு மாற்றாதீர்கள். புதியவர்கள் அதிகமாக விழும் குழி இதுதான். 1922-ஆம் ஆண்டு டாலரை இன்றைய நாணய மாற்று விகிதத்தால் பெருக்கி வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை. அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறையின் இணையதளத்தில் விலைவாசிக் கணிப்பான் இருக்கிறது, ஆனால் அது 1913-இலிருந்துதான் தொடங்குகிறது. மக்டீக்குக்கும் கேரிக்கும் உதவாது. அதைவிட நம்பகமான வழி, ஒரு நூலில் வரும் தொகையை அதே நூலில் வரும் கூலியாலோ வாடகையாலோ வகுப்பதுதான்.

ட்வைனின் கதையில் பழகிப் பாருங்கள். லேக்சைட் என்ற ஊரில் கடைக் கணக்கராக இருக்கும் சலாடின் ஃபாஸ்டருக்கு ஆண்டுக்கு 800 டாலர் சம்பளம். அந்த ஊருக்கு அது நல்ல சம்பளம். தூரத்து உறவினர் ஒருவர் தமக்குப் பிறகு 30,000 டாலர் வரும் என்று கடிதம் எழுதுகிறார். வகுத்தால் முப்பத்தேழரை ஆண்டுச் சம்பளம். பணம் வருவதற்கு முன்பே கணவனும் மனைவியும் இரவெல்லாம் விழித்திருந்து அதை மனத்துக்குள்ளேயே முதலீடு செய்து பெருக்குகிறார்கள். விழித்திருக்க மெழுகுவத்தி வேண்டுமே. அதைக் கடையிலிருந்து எடுக்கிறான் சலாடின். பிறகு ஆப்பிள், சோப்பு, சர்க்கரை என்று திருட்டு நீள்கிறது. கற்பனையில் பெருஞ்செல்வனாக இருப்பவன் நிஜத்தில் சோப்புத் திருடுகிறான். உங்கள் நோட்டின் நான்காவது பத்தியில் முதல் பதிவாக அந்தக் கடைக்காரரை எழுதிக்கொள்ளுங்கள்.

4. கேட்ஸ்பியை ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து திரும்பிப் படியுங்கள்

முதல் வாசிப்பில் விருந்தும் இசையும் கண்ணைக் கட்டிவிடும். அதனால் ஒருமுறை நேராகப் படித்துவிட்டு, கடைசி அத்தியாயத்தில் வரும் அட்டவணையைப் பிடித்துக்கொண்டு மறுபடி தொடங்குங்கள். பின்னாளில் கேட்ஸ்பி என்று பெயர் மாற்றிக்கொள்ளும் ஜேம்ஸ் காட்ஸ் என்ற ஏழைச் சிறுவன் ஒரு கௌபாய்க் கதைப் புத்தகத்தின் கடைசி வெற்றுத்தாளில் எழுதிவைத்தது அது. தேதி 1906 செப்டம்பர் 12. காலை 6 மணிக்கு எழுவது, உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிப் படிப்பது, பேச்சுப் பயிற்சி, இரவில் உலகுக்குத் தேவைப்படும் கண்டுபிடிப்புகளைப் பற்றிப் படிப்பது. கீழே உறுதிமொழிகள். புகைப்பதில்லை, ஒருநாள் விட்டு ஒருநாள் குளியல், பெற்றோரிடம் இன்னும் அன்பாக இருப்பது. சேமிப்பு என்ற இடத்தில் வாரம் 5 டாலர் என்று எழுதி, அடித்துவிட்டு, 3 டாலர் என்று திருத்தியிருக்கிறான்.

அந்த அடித்தலில் சற்று நில்லுங்கள். தன் வரும்படி என்ன என்று நேர்மையாகக் கணக்குப் பார்த்த பையன் அவன். அமெரிக்காவை நிறுவிய தலைவர்களில் ஒருவரான பெஞ்சமின் ஃபிராங்க்ளின் தன்வரலாற்று நூலில் தரும் தினசரி அட்டவணையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எந்த மரபில் வந்த கனவு இது என்பது விளங்கும். இப்போது உங்கள் நோட்டின் மூன்றாவது பத்திக்கு வாருங்கள். கேட்ஸ்பியின் மாளிகை எங்கிருந்து வந்தது? வாரம் 3 டாலர் சேமிப்பிலிருந்து வரவில்லை. இளவயதில் அவனை வேலைக்கு வைத்திருந்த செல்வர் டான் கோடி உயிலில் எழுதிவைத்த 25,000 டாலரும் அவன் கைக்கு வரவில்லை. மதுவிலக்குக் காலத்தில் மருந்துக் கடைகள் வழியாக விற்ற சாராயத்திலிருந்தும் அதையொத்த தொழில்களிலிருந்தும் வந்தது. அட்டவணைப்படி நடந்தவன் ஏழையாகவே இருந்தான், அதைக் கைவிட்டவன் பணக்காரனானான். இந்தக் கொடுமையைக் காட்ட ஃபிட்ஸ்ஜெரால்ட் ஒரு சொற்பொழிவும் ஆற்றவில்லை. ஒரு தந்தை, இறந்த மகனின் பழைய புத்தகத்தைத் திறந்து காட்டிப் பெருமைப்படுகிறார், அவ்வளவுதான்.

வகுத்தலையும் செய்துவிடுங்கள். கதைசொல்லி நிக் தன் சிறு வீட்டுக்குத் தரும் வாடகை மாதம் 80 டாலர். கேட்ஸ்பி காதலிக்கும் டெய்சிக்கு அவள் கணவன் டாம் புக்கானன் கொடுத்த முத்துமாலையின் மதிப்பு 350,000 டாலர். 364 ஆண்டு வாடகை ஒரு கழுத்தில் தொங்குகிறது. இந்தப் பணத்தை டாம் சம்பாதிக்கவில்லை, பிறப்பால் வந்தது. கேட்ஸ்பியைப் பேராசைக்காரன் என்று எழுதும் மாணவர்கள் டாமை விட்டுவிடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தருகிறது. இரண்டாம் அத்தியாயத்தில் டாம் ஒரு நாய்க்குட்டிக்குப் 10 டாலரை வீசி, இதைக்கொண்டு இன்னும் பத்து நாய் வாங்கிக்கொள் என்கிறான். அவனுடைய காதலி மிர்ட்டில் தன் கணவனை வெறுத்ததற்குச் சொல்லும் காரணம், கல்யாணத்துக்கு அவன் இரவல் கோட்டு அணிந்து வந்தான் என்பது. இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து எழுதிப் பாருங்கள்.

5. கேரியின் ஐம்பது சென்ட்

1889-இல் சிகாகோவுக்கு ரயிலேறும் கேரி மீபருக்கு ஒரு ஷூத் தொழிற்சாலையில் வேலை கிடைக்கிறது. வாரக்கூலி நாலரை டாலர். தங்கியிருக்கும் அக்கா வீட்டில் சாப்பாட்டுக்கும் இடத்துக்கும் 4 டாலர் கொடுக்கவேண்டும். மிச்சம் ஐம்பது சென்ட். குளிர்காலம் வருகிறது, கனத்த உடை இல்லை, காய்ச்சலில் படுக்கிறாள், வேலை போகிறது. ஆறாம் அத்தியாயத்தின் முடிவில் டுருவே என்ற விற்பனைப் பிரதிநிதி அவள் கையில் இரண்டு 10 டாலர் நோட்டுகளை வைத்து அழுத்துகிறான். மிச்சத்தில் ஒரு சென்ட்டும் செலவழிக்காமல் சேர்த்தாலும் நாற்பது வாரம் ஆகும் தொகை.

இந்தக் கணக்கைப் போடாமல் கேரியைப் பகட்டுக்கு ஆசைப்பட்டவள் என்று தீர்ப்பு எழுதாதீர்கள். குளிருக்கு ஒரு மேலாடை வேண்டுமென்பது பேராசை ஆகாது. பிறகு அவள் விரும்பும் பொருட்களின் விலை ஏறிக்கொண்டே போகிறது என்பதும் உண்மை. எந்த இடத்தில் தேவை முடிந்து ஆசை தொடங்கியது என்று நோட்டில் ஒரு கோடு போடுங்கள். உங்கள் கோடும் நண்பரின் கோடும் ஒரே இடத்தில் விழாது. அதைப் பற்றி இருவரும் விவாதியுங்கள்.

மக்டீக் இதற்கு நேர் எதிர். சான் ஃபிரான்சிஸ்கோவின் போக் தெருவில் பட்டமில்லாமல் பல்வைத்தியம் பார்ப்பவனின் மனைவியாகப் போகும் டிரினாவுக்கு லாட்டரியில் 5,000 டாலர் விழுகிறது. உறவினர் ஒருவரின் வியாபாரத்தில் ஆறு சதவீத வட்டிக்குப் போட்டால் மாதம் 25 டாலர். தன் வாழ்நாளில் அவள் அந்த முதலைத் தொடவே மறுக்கிறாள். கணவனின் தொழில் போகும், வீடு மாறும், உணவு குறையும், முதல் அப்படியே இருக்கும். கடைசியில் தங்க நாணயங்களாக வாங்கிவந்து படுக்கையில் பரப்பி அதன்மேல் உறங்குகிறாள். செலவழிக்கவே செலவழிக்காத பேராசை இது. முடிவை நான் சொல்லப்போவதில்லை. கடைசி இரண்டு அத்தியாயங்களை மட்டும் இடைவெளி விடாமல் ஒரே மூச்சில் படியுங்கள்.

6. நாடகங்களை வாய்விட்டுப் படியுங்கள்

மில்லரின் நாடகத்தில் இரண்டாம் அங்கத்தின் அலுவலகக் காட்சியை இருவராக உட்கார்ந்து படிக்கவேண்டும். அறுபத்து மூன்று வயது வில்லி லோமன், தன் முதலாளி ஹோவர்டிடம் இனி ஊர் ஊராக அலையமுடியாது, உள்ளூரில் வேலை கொடு என்று கேட்கிறார். வாரம் 65 டாலர் என்கிறார். பிறகு 50. பிறகு 40. எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு தொகைகூட வரவில்லை, இவரே இறக்கிக்கொண்டு போகிறார். அதற்குச் சற்று முன்புதான் ஹோவர்ட் தான் புதிதாக வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியைப் பெருமையாகக் காட்டி, விலை 150 டாலர்தான் என்று சொல்லியிருப்பார். நானும் ஒன்று வாங்கிவிடுகிறேன் என்று வில்லியும் சொல்லியிருப்பார். வில்லி கடைசியாகக் கெஞ்சிய கூலியில் அது நான்கு வாரத்துக்குச் சற்றுக் குறைவு.

ஹான்ஸ்பெரியின் நாடகமும் அதே அளவு சில்லறையில் தொடங்குகிறது. சிகாகோவின் தென்பகுதி, கழிப்பறையை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்ளும் கறுப்பினக் குடும்பம். மகன் பள்ளிக்கு 50 சென்ட் கேட்கிறான், இல்லை என்கிறாள் தாய். தந்தை வால்டர் வீம்பாக எடுத்துக் கொடுக்கிறான், கூடுதலாக இன்னொரு 50 சென்ட்டும் கொடுக்கிறான். சற்று நேரத்தில் வேலைக்குப் போக வண்டிக் காசில்லாமல் மனைவியிடமே வந்து நிற்கிறான். அந்த வீட்டுக்கு, இறந்த தாத்தாவின் இன்சூரன்ஸ் பணம் 10,000 டாலர் வருகிறது. பாட்டி 3,500-ஐ வீட்டுக்கு முன்பணமாகக் கட்டுகிறார். 3,000 தன் மகளின், அதாவது வால்டரின் தங்கையின், மருத்துவப் படிப்புக்கு. மீதி 3,500 வால்டரின் பொறுப்புக்கு. அவன் படிப்புப் பணத்தையும் சேர்த்து 6,500-ஐயும் மதுக்கடை கூட்டுவியாபாரத்தில் போடுகிறான், கூட்டாளி ஓடிவிடுகிறான்.

பல வழிகாட்டி நூல்கள் இதோடு நிறுத்தி, வால்டரின் பேராசை என்று முடிக்கின்றன. நிறுத்தாதீர்கள். அவர்கள் முன்பணம் கட்டிய வீடு வெள்ளையர் குடியிருப்பில் இருக்கிறது. நீங்கள் குடிவராமல் இருந்தால் கொடுத்ததைவிடக் கூடுதலாகத் தருகிறோம் என்று அங்கிருந்து ஒருவர் பணிவாகப் பேச வருகிறார். கேட்ஸ்பியின் பணத்தால் டெய்சியின் வட்டத்துக்குள் நுழைய முடியவில்லை. இங்கே, நுழையாமல் இருப்பதற்கே பணம் தருகிறார்கள். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு, அமெரிக்கக் கனவு யாருக்கு என்ற கேள்வியை வேறு யாரும் விளக்கத் தேவையில்லை.

7. ஸ்டைன்பெக்கில் இடையத்தியாயங்களைத் தாண்டாதீர்கள்

ஜோட் குடும்பத்தின் கதை ஓர் அத்தியாயம், பொதுநிலையைச் சொல்லும் சிறு அத்தியாயம் ஒன்று என்று நாவல் மாறி மாறிப் போகும். கதைக்காகப் படிப்பவர்கள் சிறு அத்தியாயங்களைப் புரட்டிவிடுகிறார்கள். பேராசை எப்படி இயங்குகிறது என்ற விளக்கம் அங்கேதான் இருக்கிறது. ஐந்தாம் அத்தியாயத்தில் குத்தகைக்காரனை நிலத்திலிருந்து வெளியேற்ற வருபவன், நான் காரணமில்லை, வங்கி காரணம் என்கிறான். யாரைச் சுடுவது என்று கேட்கிறான் குத்தகைக்காரன். பதில் கிடைப்பதில்லை.

பதினாறாம் அத்தியாயத்தில் கலிஃபோர்னியாவிலிருந்து திரும்பிவரும் கந்தலுடை மனிதன் ஒரு துண்டுப்பிரசுரத்தின் கணக்கை விளக்குகிறான். ஒப்பந்தக்காரனுக்கு வேண்டியது 800 பேர். அச்சடிப்பது 5,000 பிரசுரம். பார்ப்பவர்கள் 20,000 பேர் இருக்கலாம், கிளம்பி வருபவர்கள் இரண்டாயிரம் மூவாயிரம். கூலி தானாக விழும். யாரும் பொய் சொல்லவில்லை, வேலையும் இருக்கிறது. அந்தப் பத்தியை அப்படியே நோட்டில் நகலெடுங்கள்.

ஓக்லஹோமா வட்டார வழக்கில் உரையாடல் இருப்பதால் எழுத்துக்கூட்டல் பயமுறுத்தும். உரக்கப் படித்தால் காது பிடித்துக்கொள்ளும்.

8. எச்சரிக்கைகள் சில

திரைப்படத்தைப் படிப்புக்கு மாற்றாக வைக்காதீர்கள். படத்தில் மாளிகை தெரியும், 80 டாலர் வாடகை தெரியாது.

கேட்ஸ்பியில் வரும் வுல்ஃப்ஷைம், மக்டீக்கில் வரும் செர்கோ இருவரும் யூதர்களைப் பற்றிய அக்கால வெறுப்பின் வார்ப்புகள். பேராசைக்கு ஓர் இனத்தின் முகத்தை ஒட்டும் அந்தப் பழக்கத்தை, ஆசிரியரின் குறையாகவே குறித்துக்கொள்ளுங்கள். விடையில் எடுத்துக்காட்டாக எழுதாதீர்கள்.

"அமெரிக்கக் கனவு" என்ற தொடரை இந்த நாவல்களுக்குள் தேடி அலையவேண்டாம். அது பரவலானது ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ் 1931-இல் எழுதிய வரலாற்று நூலுக்குப் பிறகுதான். இங்குள்ள நான்கு இலவச நூல்களும் அதற்கு முந்தியவை.

9. எழுதும்போது

கட்டுரைக்கோ தேர்வுக்கோ எழுதினால் ஒரு நூலுக்கு இரண்டு தொகைகள் போதும், ஒன்று வந்தது, மற்றது இழந்தது. அவற்றுக்கிடையில் நடந்ததை உங்கள் சொற்களில் எழுதுங்கள். மேற்கோளுக்குப் பக்க எண்ணைக் கொடுக்கவேண்டாம், குட்டன்பர்க் கோப்பில் பக்கமே இருக்காது, அச்சுப் பதிப்புகளிலும் பதிப்புக்குப் பதிப்பு மாறும். நாவலுக்கு அத்தியாய எண், நாடகத்துக்கு அங்கமும் காட்சியும் குறியுங்கள். மேற்கோளைக் கையெழுத்தில் நோட்டுக்கு மாற்றும்போதே அந்த எண்ணையும் சேர்த்து எழுதிவிடுங்கள், பிறகு தேடினால் ஒரு முழு மாலை போய்விடும்.